பொட்டலம் வாங்குவதற்கு முன்னால்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எங்கள் பக்கத்து ஊர்களில் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகள் பல இப்போது திறந்திருக்கின்றன. சில வீடுகள் விடுதியாகிவிட்டன. சில வீடுகளை வெளியூரில் இருக்கும் பங்காளிகள் ஒன்றுகூடிச் செப்பனிட்டு, முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து தங்குகிறார்கள். வீட்டு வேலை முடிந்ததும் அடுத்த பேச்சு தோட்டம்தான். முகப்புக்கு முன்னால் புல்தரை வேண்டும், மதிலோரம் வரிசையாக இட்லிப்பூ வேண்டும், பின்கட்டில் மல்லிகைப் பந்தல் வேண்டும். இந்தத் தோட்டங்களைப் போட்டுக்கொடுப்பதும் பராமரிப்பதும் என் பிழைப்பு.

கொஞ்ச காலமாக எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "தம்பி, நுண்ணுயிர் உரம்னு சொல்றாங்களே, எதை வாங்கிப் போடலாம்?" இந்தக் கேள்வி வருவதே எனக்குச் சந்தோஷம். யூரியாவைத் தூவித் தூவியே புல்லைப் பச்சையாக வைத்திருந்த காலம் போய், மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் பதில் ஒரு பொட்டலத்தின் பெயரில் அடங்காது. செட்டிநாட்டு மண்ணில் நுண்ணுயிரால் ஆகக்கூடிய வேலை மிகப் பெரியது. அதை அந்த மண்ணில் தங்கவைப்பதில்தான் நம் உழைப்பில் பாதிக்கு மேல் போகவேண்டியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மண். இங்கே எந்த வீட்டுக் கொல்லையில் குழி வெட்டினாலும் ஒரு முழம், இரண்டு முழத்தில் சரளை வந்துவிடும். அதற்குக் கீழே செம்புராங்கல். 1807இல் பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் அங்காடிப்புரம் பக்கம் பார்த்து லேட்டரைட் என்று பெயர் வைத்து எழுதினாரே, அந்த வகைக் கல். மழையில் சுண்ணாம்புச் சத்தும் மற்ற உப்புகளும் காலம் காலமாகக் கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நிற்கும் மண் இது. நிறத்துக்குக் காரணம் அந்த இரும்புதான். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், செடிக்குக் கிடைக்காமல் போவதற்குக் காரணமும் அதுவே. சூப்பர் பாஸ்பேட்டை மூட்டையாக வாங்கி இந்த மண்ணில் கொட்டினால், அதில் பெரும்பகுதியை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மண் பரிசோதனைக்குக் கொடுத்தால் மொத்த மணிச்சத்து இருக்கும்; வேருக்கு எட்டுவது சொற்பமாக இருக்கும்.

மணிச்சத்து மண்ணில் இருக்கும் வடிவமான பாஸ்பேட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. அது மண்ணில் கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. நைட்ரேட் தண்ணீரோடு சேர்ந்து வேரைத் தேடி வரும், பாஸ்பேட் வராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை எடுத்து முடித்தவுடன் அந்த இடம் காலி. பிறகு வேர் புது இடத்துக்கு வளர்ந்தால்தான் உண்டு. சரளை மண்ணில் வேர் எங்கே தாராளமாக வளரும்?

இந்த இடத்தில்தான் வேர்ப்பூஞ்சை வருகிறது. கடையில் வேம் என்று கேட்டால் கொடுப்பார்கள். வேருக்குள்ளேயே குடியிருந்துகொண்டு, வெளியே மண்ணுக்குள் பல சென்டிமீட்டர் தூரத்துக்கு நூல் விடும் பூஞ்சை. அந்த நூலின் தடிமன் 2 முதல் 10 மைக்ரான்தான். வேர்த்தூவி நுழைய முடியாத இடுக்கில்கூட அது நுழைந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் எடுத்து வந்து செடியிடம் கொடுக்கும். செடி பதிலுக்குச் சர்க்கரை தரும். தான் தயாரிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடத் தரும். 1885இல் ஆல்பெர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் காட்டு மரங்களின் வேரில் இப்படியொரு கூட்டைப் பார்த்து மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். ஆனால் உறவு மிகப் பழையது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் பாறையில் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடிகள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றுக்குள்ளும் இந்தப் பூஞ்சை இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு ஒழுங்கான வேர்கூடக் கிடையாது.

மணிச்சத்து எளிதாகக் கிடைக்கும் கொழுத்த மண்ணில் வேர்ப்பூஞ்சையைப் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். எங்கள் செவல் மண் அப்படியல்ல. இங்கே அது இல்லாமல் செம்பருத்தியும் மல்லிகையும் நந்தியாவட்டையும் அருகம்புல்லும் சிரமப்படுகின்றன. இங்கே மணிச்சத்தை மேலும் மேலும் கொட்டுவதை விட, மண்ணில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துத் தருகிற ஆளை வளர்ப்பது நல்லது. அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: கரையும் பாஸ்பேட் உரத்தை அள்ளிப் போட்டால் செடி பூஞ்சைக்குக் கொடுக்கும் சர்க்கரையைக் குறைத்துவிடும், பூஞ்சை வேருக்குள் பரவாது. வேமும் டிஏபி என்ற பாஸ்பேட் உரமும் ஒரே நாளில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டில் ஒன்றுக்குச் செலவழித்த காசு வீண்.

எல்லாச் செடிக்கும் இது வேண்டியதில்லை. கோழிக்கொண்டை, வாடாமல்லி இரண்டும் கீரைக் குடும்பத்துச் செடிகள்; பெரும்பாலும் இந்தப் பூஞ்சையோடு சேர்வதில்லை. கடுகு, முள்ளங்கி வகையும் அப்படியே. அந்தப் பாத்திகளில் வேம் போட்டுக் காசைக் கரைக்க வேண்டாம்.

அடுத்து புல்தரை. இங்கே போடப்படும் புல்தரைகளில் முக்கால்வாசி நர்சரியிலிருந்து பாய் பாயாக வெட்டி லாரியில் வருகிறது. கொரியன் புல், மெக்சிகன் புல், பெர்முடா என்று விதவிதமாகக் கேட்பார்கள். பெர்முடா என்பது நம் அருகம்புல் இனம்தான், அல்லது அதிலிருந்து வந்த கலப்பினம். பிள்ளையார்பட்டியில் மாலையாகக் கட்டிச் சாத்துகிற அதே அருகு. கேட்பவர்களிடம் நான் அதைத்தான் போடச் சொல்வேன். வெயிலைத் தாங்கும், மிதித்தால் தாங்கும், எங்கள் மண்ணோடு ஏற்கெனவே பழகியது.

எந்தப் புல்லாக இருந்தாலும், அது எதன் மேல் விரிக்கப்படுகிறது என்று பாருங்கள். செப்பனிடும் வேலை நடந்த வீட்டின் முன்புறத்தில் பழைய காரைத் தூள், உடைந்த ஓடு, சிமெண்ட் கட்டி, கொத்தனார் கலவை போட்ட தடம் எல்லாம் இருக்கும். அதை மேஸ்திரி சமப்படுத்தி, மேலே இரண்டு அங்குலம் செம்மண் பரப்பி, ரோலர் ஓட்டி, புல் பாயை விரித்துவிடுவார். வாரம் இரண்டு வாரம் அழகாகத்தான் இருக்கும். பள்ளத்தூரில் ஒரு வீட்டில் பாயின் மூலையை விரலால் தூக்கிப் பார்த்தேன். துண்டைத் தூக்குவது போல், ஒட்டவே ஒட்டாமல் எழுந்து வந்தது. வெள்ளை வேரெல்லாம் நர்சரியின் கரிய களிமண்ணுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருந்தது. கீழே செம்மண்ணில் ஒரு வேர்கூட இறங்கவில்லை. அந்த மண்ணை நகத்தால் சுரண்டினால் புகையாகப் பறந்தது, ஈரமே இல்லை. மேலே தினமும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள், ரோலர் ஓடிய அந்தத் தளத்துக்குள் நீரும் காற்றும் போகவே இல்லை. இங்கே எந்த நுண்ணுயிரைக் கொண்டுவந்து விட்டாலும், அடுப்பு எரியாத வீட்டுக்கு விருந்தாளியை அழைத்த கதைதான்.

அந்த வீட்டு ஆச்சி சென்னையிலிருந்து போன் பண்ணினார். "தம்பி, தையில பேத்தி கல்யாணம். அதுக்குள்ள புல்லு பச்சையா இருக்கணும். என்ன மருந்துனாலும் போடுங்க."

"மருந்து வேண்டாம் ஆச்சி. பாயை எடுத்துட்டு ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் கிளறணும். கட்டட இடிபாட்டை அள்ளி வெளிய போடணும். அப்புறம் தொழு உரமும் கண்மாய் வண்டலும் கலக்கணும். அதுக்கு விட்டீங்கன்னா தைக்குள்ள வேர் இறங்கிரும்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்த ஒரு சரிக்காக நான் இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத வேலைக்குப் பணம் தர யாரும் லேசில் சம்மதிப்பதில்லை.

கண்மாய் வண்டல் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நீரைப் பிடிக்கத்தான் ஊருக்கு ஊர் ஊருணியும் கண்மாயும். கோடையில் வற்றும்போது அடியில் படிந்த வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தார்கள். சரளை மண்ணுக்கு அதில் இருக்கும் களி பெரிய கொடை. களித்துகளின் பரப்பில் ஈரமும் சத்தும் நிற்கும். பாக்டீரியா வெயிலுக்கும் வறட்சிக்கும் தப்பி ஒளிந்துகொள்ளும் நுண்ணிய இடுக்குகள் அதனால்தான் உண்டாகின்றன. தோட்டத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு வண்டல் போதும். ஒரே எச்சரிக்கை, கோரைக்கிழங்கு. வண்டலைச் சல்லடையில் சலித்துக் கிழங்கைப் பொறுக்காமல் புல்தரைக்குப் போட்டால் பிறகு கோரையோடு போராட்டம்தான்.

மதிலோரத்து இட்லிப்பூ தனிக் கதை. இளம் இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக வலை போட்டது போல் தெரியும். உடனே கடையில் போய் இரும்புச்சத்து வாங்கித் தெளிப்பார்கள். சுற்றிலும் இரும்பு மண். பின்னே ஏன் பற்றாக்குறை? சுவரைப் பாருங்கள். எங்கள் வீடுகளின் சுவர் சுண்ணாம்புக் காரைச் சுவர். பழைய பூச்சைச் சுரண்டிச் சுவரடியிலேயே கொட்டியிருப்பார்கள். அந்தச் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். காரமான மண்ணில் இரும்பு கரையாது. இட்லிப்பூ அமில மண்ணை விரும்பும் செடி, அதனால் முதலில் வாடுவது அதுதான். இரண்டடி தள்ளி நட்ட அதே இட்லிப்பூ கரும்பச்சையாக நிற்கும்.

இதற்கும் நுண்ணுயிரிடம் வழி இருக்கிறது. மண்ணில் கந்தகத் தூளைக் கலந்தால், தயோபேசில்லஸ் வகை பாக்டீரியா அதைத் தின்று கந்தக அமிலமாக மாற்றும். 1922இல் வாக்ஸ்மனும் ஜாஃபேயும் இந்த பாக்டீரியாவை விவரித்து எழுதினார்கள். ஈரமும் சூடும் இருந்தால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மண்ணின் காரம் குறையும். இரும்பைப் பிடித்துக்கொண்டு வர சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் ஒரு பொருளைச் சுரக்கிறது. ஆனால் கட்டி கட்டியாகக் காரை கிடக்கும் இடத்தில் எவ்வளவு கந்தகம் போட்டாலும் சுண்ணாம்பு அதை விழுங்கிவிடும். முதலில் காரையை அள்ளுங்கள். அதற்கு ஒரு ஆளும் ஒரு கூடையும் போதும்.

இப்போது எனக்கு மனதில் கனக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சருகை எரிப்பது. செட்டிநாட்டில் தோட்டம் சுத்தமாக இருப்பது என்றால், வெறும் செம்மண்ணில் வாருகோல் தடம் தெரியப் பெருக்கி வைப்பது. காலையில் கூட்டிக் குவித்த புங்கை இலையையும் வேப்பிலையையும் மா இலையையும் மூலையில் வைத்துக் கொளுத்துவார்கள். ஒவ்வொரு நாளும் மண்ணின் சாப்பாடு புகையாகப் போகிறது. நாம் வாங்கிப் போடும் பாக்டீரியாவும் பூஞ்சையும் கரிமத்தைத் தின்று வாழ்பவை. எங்கள் வெயிலில் மண்ணில் இருக்கும் மட்கு வேகமாகக் கரைந்துபோகும். அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். சித்திரையில் வெறும் செம்மண்ணின் மேற்பரப்பில் கை வைத்தால் சுடும். அந்தச் சூட்டில் மேல் ஓரிரு அங்குலத்தில் என்ன உயிர் தங்கும்?

"பாம்பு வரும் தம்பி" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால் நான் திண்ணையை ஒட்டியும் நடைபாதை ஓரத்திலும் சருகு போடுவதில்லை. செடியின் அடியில் மட்டும், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, நறுக்கிய சருகை இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் மூடாக்காகப் போடுகிறேன். மீதிச் சருகு கொல்லை மூலையில் குழிக்குப் போகும். அதன் மேல் சாணக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஐந்தாறு மாதத்தில் கருப்பாக மட்கிவிடும். புல்லை வெட்டும்போது விழும் துணுக்கையும் அள்ள வேண்டாம், சிறிதாக வெட்டினால் புல்தரைக்குள்ளேயே விழுந்து மட்கும்.

சரி, பொட்டலங்கள்.

புல்லுக்கு அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா. 1925இல் பெய்ஜெரிங்க் ஸ்பைரில்லம் என்ற பெயரில் விவரித்த பாக்டீரியா, 1970களில் பிரேசிலில் யோஹானா டோபரைனர் புல் வகைகளின் வேரில் இதைத் தேடிப் படித்த பிறகுதான் உலகம் கவனித்தது. காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடிக்கும் என்று பொட்டலத்தில் எழுதியிருக்கும். பிடிக்கும்தான், ஆனால் அதைவிடப் பெரிய உதவி அது சுரக்கும் வளர்ச்சி ஊக்கி. வேர் கிளைக்கும், வேர்த்தூவி அதிகமாகும். பயிர்களுக்கு இதைப் போடும்போது தழைச்சத்து உரத்தை நாலில் ஒரு பங்கு குறைக்கலாம் என்பது வேளாண் பரிந்துரை. புல்தரையிலும் நான் அப்படியே குறைக்கிறேன். பாஸ்போபாக்டீரியாவையும் கூடவே போடலாம். அது அமிலம் சுரந்து கட்டுண்ட மணிச்சத்தைக் கொஞ்சம் விடுவிக்கும், வேர்ப்பூஞ்சை அதை எடுத்து வரும்.

நோய்க்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சை. ஐப்பசி அடைமழையில் புல்தரையில் தட்டு அகலத்துக்குப் பழுப்புத் திட்டு விழும். விடிகாலையில் பனி காய்வதற்கு முன்னால் குனிந்து பார்த்தால் திட்டின் ஓரத்தில் சிலந்தி நூல் அளவுக்கு மெல்லிய பூஞ்சை தெரியும். புல்லை இழுத்தால் அடி அழுகிக் கையோடு வரும். ரைசோக்டோனியா சொலானி என்ற பூஞ்சை. கண்மாய்க்குக் கீழே நெல் வயலில் இலையுறை கருகல் உண்டாக்குவதும் இதுதான். அதனால் எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் இதை விளக்குவது எளிது: யூரியா மிஞ்சினால் அங்கேயும் வரும், இங்கேயும் வரும். டிரைக்கோடெர்மா இந்தப் பூஞ்சையின் நூலைச் சுற்றிக்கொண்டு அதன் சுவரைக் கரைத்து உள்ளே போய்த் தின்னும். 1932இல் ரிச்சர்ட் வெய்ண்ட்லிங் இதைக் கண்டு எழுதினார். ஆனால் திட்டு விழுந்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது. புரட்டாசியிலேயே போட்டு, மழை வருவதற்குள் அது மண்ணில் இடம் பிடித்திருக்கவேண்டும்.

நேராகப் பொட்டலத்தைப் பிரித்துத் தூவுவதை விட, 1 கிலோவை 100 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து, மர நிழலில் குவித்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, இரண்டு வாரம் வைத்திருங்கள். நாலு நாளுக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். முதலில் வெள்ளையாகப் படரும், பிறகு பாசிப்பச்சைத் தூளாக மாறும். அந்தப் பச்சைதான் வித்து. அந்த உரத்தைப் பரப்பிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். வயலுக்குச் சொல்லும் அளவே ஹெக்டேருக்கு 2.5 கிலோதான், எவ்வளவு பெரிய வீட்டுத் தோட்டத்துக்கும் 1 கிலோ தாராளம்.

மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் சூடோமோனாஸ். வேரழுகல் வருமுன் மண்ணில் ஊற்றவேண்டும். எதை ஊற்றினாலும் சாயங்காலம் ஊற்றுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

பொட்டலத்தின் தரத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். மத்திய அரசின் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 2006இல் உயிர் உரங்கள் கொண்டுவரப்பட்டன. அதன்படி தூள் வடிவ அசோஸ்பைரில்லத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள், திரவத்தில் ஒரு மில்லிக்கு 10 கோடி இருக்கவேண்டும். டிரைக்கோடெர்மா பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கு ஒரு கிராமுக்கு 20 லட்சம். பொட்டலத்தில் தயாரித்த தேதி, காலாவதித் தேதி, இந்த எண்ணிக்கை மூன்றும் இல்லையென்றால் வாங்காதீர்கள். தூள் வகைக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் குறைவு. ஒரு கடையில் அசோஸ்பைரில்லப் பெட்டியைத் தகரக் கூரைக்குக் கீழே, பூச்சிமருந்து டப்பாக்களுக்கு நடுவே, மதிய வெயில் நேராகப் படும் இடத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். தேதி இன்னும் முடியவில்லைதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் உயிர் இருந்திருக்காது. நுண்ணுயிரைத் தாங்கக் கலக்கும் வெறும் நிலக்கரித் தூளுக்குக் காசு கொடுத்துப் போகிற விவசாயியை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. வேர்ப்பூஞ்சைப் பொட்டலங்களைக் கடையில் வாங்கிச் சோதித்த வெளிநாட்டு ஆய்வுகளிலும் பல பொட்டலங்களில் வேருக்குள் நுழையும் திறனுள்ள வித்தே இல்லை என்று வந்திருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் துறையும் விற்கும் இடங்களில் புதிதாக வந்ததைக் கேட்டு வாங்குவதுதான் நல்லது.

போட்ட உயிரை வீட்டிலேயே கொல்வதும் நடக்கிறது. ஆத்தங்குடித் தரையைக் கழுவிய ஃபினாயில் தண்ணீர் முற்றத்து வாய்க்கால் வழியாக மல்லிகைக்குப் போகிறது. விடுதிகளில் ஆர்.ஓ. இயந்திரம் தள்ளும் உப்புத் தண்ணீரைப் புல்தரைக்குத் திருப்பிவிடுகிறார்கள். கறையானுக்குப் பயந்து சுவரடியெல்லாம் மருந்து ஊற்றுகிறார்கள். டிரைக்கோடெர்மா போட்ட அடுத்த வாரம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றினால், டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதானே, சேர்ந்து சாகும். கிணற்றில் பிளீச்சிங் தூள் போட்டிருந்தால் அந்த நீரைத் திறந்த தொட்டியில் ஒரு நாள் வைத்துவிட்டுக் கலக்கப் பயன்படுத்துங்கள்.

இதெல்லாம் உண்மையில் நடக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் ஆசை எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. என் அக்கா மகள் மைக்ரோபயாலஜி படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது இரண்டு வகை வேர் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று, இடிபாட்டின் மேல் கிடந்த புல்தரை மூலையிலிருந்து. இன்னொன்று, அதே வளவில் புங்கை மரத்தடியில் யாரும் நடாமல் தானாகப் படர்ந்த அருகம்புல்லிலிருந்து. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி வெளுக்கவைத்து, வினிகரில் பேனா மை கலந்து சாயம் ஏற்றினாளாம். விலை உயர்ந்த சாயம் எதுவும் தேவைப்படாத இந்த முறை 1998இல் வந்தது.

"இங்க பாருங்க மாமா" என்று போனில் படத்தைக் காட்டினாள். மூலைப் புல்லின் வேர் வெறும் கண்ணாடிக் குழாயாக இருந்தது. புங்கை மரத்தடி வேரின் உள்ளே நீல நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. நடுநடுவே முட்டை வடிவப் பைகள். சில செல்களுக்குள் நூல் கிளைத்துக் கிளைத்துச் செல்லையே நிரப்பியிருந்தது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கேதான் நடக்கிறது என்றாள். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கோ வெர்மிகுலைட் என்ற தாதுத் தூளில் வளர்த்துப் பையில் அடைத்து வருவதை நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்; எங்கள் வெயிலுக்கும் எங்கள் இரும்பு மண்ணுக்கும் பழகிய பூஞ்சை அதே வளவுக்குள் நாற்பதடி தள்ளி இருக்கிறது.

அதைப் பெருக்குவது கஷ்டமில்லை. இந்தப் பூஞ்சை உயிருள்ள வேர் இல்லாமல் வளராது, அதனால் பாக்டீரியா போலத் தொட்டியில் காய்ச்ச முடியாது. ஆனால் சோளம் வளரும் தொட்டி போதும். பழைய மரத்தடியில் மேல் சருகை ஒதுக்கி, ஒரு சாண் ஆழத்துக்குள் மெல்லிய வேரோடு சேர்த்து மண் எடுங்கள். சொந்த வளவில் எடுங்கள். ஐயனார் கோயில் காட்டில் எடுக்காதீர்கள், அங்கே ஒரு சுள்ளிகூட எடுக்கக்கூடாது என்று ஊர் காத்துவைத்திருப்பதை நாம் கெடுக்க வேண்டாம். மரம் நோயில்லாததாக இருக்கவேண்டும். எடுத்த மண்ணோடு சம அளவு ஆற்று மணல் கலந்து தொட்டியில் நிரப்பி, நெருக்கமாகச் சோளம் விதையுங்கள். மணிச்சத்து உரம் எதுவும் போடாதீர்கள். சோளம் கொஞ்சம் ஏங்கினால்தான் பூஞ்சையைக் கூப்பிடும். மூன்று மாதம் கழித்துத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். பத்து நாளில் தட்டை காயும். காயும்போது பூஞ்சை வித்து விடும். தட்டையை அறுத்து எறிந்துவிட்டு, வேரை மண்ணோடு சேர்த்துப் பொடியாக நறுக்கினால் அதுதான் உங்கள் வேம்.

ஆடியில் விதைத்தால் ஐப்பசி மழைக்குச் சரியாக வந்துவிடும். செடி நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி, வேரில் நேராகப் படும்படி. மேலே தூவினால் பயனில்லை. புல்தரைக்கு என்றால் பாயை விரிப்பதற்கு முன்னால் கிளறிய மண்ணில் பரப்பவேண்டும். ஏற்கெனவே போட்ட புல்தரையாக இருந்தால் கடப்பாரை முனையால் அரை அடிக்கு ஒரு துளை போட்டு, துளைக்கு ஒரு சிட்டிகை போட்டு மண்புழு உரத்தால் மூடினால் போதும். இந்த ஆடிக்கு ஆச்சி வீட்டுக் கொல்லையில் பழைய அண்டா ஒன்றில் துளை போட்டு விதைக்கப் போகிறோம். ஓட்டையாகிவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே கொடுத்தார்.